கைகளைக் கட்டிய துணி

காலை பத்தேகால் மணிக்கு, சோறு வடிக்கப் பானையைச் சாய்த்துக்கொண்டிருந்த என் மனைவியின் இடது கை நழுவியது. கஞ்சி அடுப்படி முழுக்க ஓடியது. முன்னறையில் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த நான் ஓடிப்போய்த் தூக்கியபோது அவள் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆட்டோ வருவதற்குள் குழறிக் குழறி அவள் சொன்னது ஒன்றுதான்: "பீரோவுல அந்தத் துணி கீதான்னு பாரு."

அந்தத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையில் பழைய முறைப்படி குருப்பட்டம் கொடுக்கும்போது, ஆயர் புதுக்குருவின் உள்ளங்கைகளில் எண்ணெய் பூசி, இரண்டு கைகளையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணியால் கட்டுவார். கட்டை அவிழ்த்த பிறகு, எண்ணெய்க் கறையோடு அந்தத் துணி தாயிடம் வரும். அவள் இறந்தால் அதை அவள் கைகளில் கட்டி அடக்கம் செய்ய வேண்டும். தீர்ப்பு நாளில், நான் ஒரு குருவைப் பெற்றவள் என்று ஆண்டவரிடம் அவள் அதைக் காட்டுவாளாம். எங்கள் மகனின் துணியை அவள் கல்யாணப் புடவையின் மடிப்புக்குள் வைத்திருந்தாள். வருடத்துக்கு ஒருமுறை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மடிப்பாள்.

எங்கள் மகனும் என் மச்சான் மகனும் ஒரே வருடத்தில் சாமியாருக்குப் படிக்கக் கிளம்பினார்கள். எங்கள் பங்குக் கோயிலில் தமிழ்ப் பூசைதான். இவர்கள் இருவருக்கும் பிடித்துப்போனது அந்தக் காலத்து இலத்தீன் பூசை. அதை விடாமல் வைத்திருக்கும் குருமடங்கள் இரண்டை நானும் என் மனைவியும் நேரில் போய்ப் பார்த்தோம். முதலாவது மலைமேல் இருந்தது. கருங்கல் கோயில், பளபளக்கும் தரை, வெளிநாட்டில் படித்த அதிபர். நீண்ட தாழ்வாரத்தில் அறுபது பேர் நடந்தாலும் செருப்புச் சத்தம் கேட்காது. அவர்கள் பாடிய இலத்தீனில் ஒரு பிசிறு இல்லை. இரண்டாவது குருமடத்துக்குத் தகரக் கூரை. அங்கே படிக்கும் பிரதர்களே விறகு பிளந்து சமைத்தார்கள். பாட்டு சுமார்தான். வாரம் ஒரு நாள் அவர்களை அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, துணைக்கு ஆள் இல்லாத நோயாளிகளைக் குளிப்பாட்ட வைப்பார்கள். இதற்கு எதற்குக் குருமடம், ஆயா வேலைக்குப் போகலாமே என்று எனக்குத் தோன்றியது.

ஆசிரியனாகவே இரண்டையும் எடை போட்டேன். பாடத்திட்டம், ஒழுங்கு, தேர்வு, நூலகம் எல்லாவற்றிலும் மலைமேல் இருந்ததே முந்தியது. திரும்பி வரும் பஸ்ஸில் என் மனைவியிடம் கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "அங்க தரை சுத்தமா கீது. இங்க ஆளுங்க நல்லா கீறாங்க." சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். மகனும் மலையைத்தான் விரும்பினான். மச்சானுக்கு அவ்வளவு வசதியில்லை, அவர் மகன் தகரக் கூரைக்குப் போனான். இன்னொன்றையும் மறைக்கத் தேவையில்லை. என் தாத்தா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். அந்த நிலத்துக்காரரின் தெருவில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர். அவருடைய கொள்ளுப்பேரன், எங்கள் உத்திரமேரூரில் எவருக்கும் புரியாத ஒரு மொழியில் கணீரென்று பாடினான். அதைக் கேட்டபோது எனக்கு முதுகு நிமிர்ந்தது. அந்த நிமிர்வுக்குக் கிடைத்த பலனை அடுப்படியில் கஞ்சி ஓடிய நாளிலிருந்து அனுபவித்தேன்.

செங்கல்பட்டு மருத்துவமனையில் சில நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்கு அழைத்துப்போங்கள் என்றார்கள். மகன் அப்போது ஆண்டுத் தியானத்துக்காகக் குருமடத்துக்கே திரும்பிப் போயிருந்தான். தியானத்தில் பேசக்கூடாது. அதிபரிடம் மன்றாடியதில், ஒரே ஒருமுறை போனில் பேச விட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டு அவள் காதருகே வைத்தேன். "அம்மா, அதிபர் தியானம் முடியட்டும்னு சொல்லிட்டார். கீழ்ப்படிதலும் ஒரு பலிதான்மா. அதுவரைக்கும் பங்குச் சாமியார்கிட்ட அவஸ்தைப்பூசுதல் வாங்க வேணாம். அது புது முறை. நான் வந்து முறையா பூசறேன்." அவன் பேச்சில் எங்கள் ஊர் 'கீது' போய் வெகுநாளாகிவிட்டது. போன் வைக்கப்பட்ட பிறகும் அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பங்குச் சாமியார் தானாகவே ஸ்கூட்டரில் வந்தார். சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயின் சிமிழைத் திறந்ததும் அவள் வலது கையை முதுகுக்குக் கீழே ஒளித்துக்கொண்டாள். நல்ல மனிதர், வற்புறுத்தவில்லை. தலைமாட்டில் நின்று ஒரு ஜெபம் மட்டும் சொல்லிவிட்டு, வாசலில் என் தோளைத் தட்டிப் போனார். எண்ணெய் பூசாமல் செத்துப்போவோமோ என்ற பயம் அவளுக்கும் இருந்தது. கதவுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கண் திரும்பும். பக்கத்து வீட்டு அம்மாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "இன்னா வாத்தியாரே, உங்க பையனுக்கு லீவு குடுக்க மாட்டாங்களா? நூறு நாள் வேலையில கூட சாவு எழவுன்னா மேஸ்திரி வுட்டுடறான்." கஞ்சியை வாங்கி உள்ளே வைத்தேன். என் மனைவிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது.

அன்று மாலை மச்சான் மகன் வந்தான். வேலூர்ப் பக்கம் எங்கோ சாமியாராக இருந்தவன், கசங்கிய அங்கியோடு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தான். "சொல்லிட்டு வந்தியாப்பா?" என்று கேட்டேன். "பஸ் ஏறிட்டு போன் பண்ணி சொன்னேன் மாமா. எங்க அதிபர் திட்டினாரு. திட்டிக்கினே காசு கீதான்னு கேட்டாரு." உள்ளே போனவன் சிமிழை எடுக்கவில்லை. முதலில் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தான். விரலில் துணியைச் சுற்றி வாயைத் துடைத்தான். முதுகுப் புண்ணைப் பார்த்துவிட்டு வெந்நீர் கேட்டான். நான் அத்தனை நாளும் தொடப் பயந்த உடம்பை, பழகிய கையால் புரட்டிக் கழுவினான். "அத்த, நான் வந்துகீறேன். உன் புள்ள கத்துக்கின அதே பழைய முறைதான், பயப்படாத. என் இலத்தீன்தான் கொஞ்சம் மட்டமா கீது, சாமி அட்ஜஸ்ட் பண்ணிக்குவாரு." கோணிய வாயில் அவள் சிரித்ததைப் பார்த்தேன். முதுகுக்குக் கீழே ஒளிந்திருந்த கை தானாக வெளியே வந்து விரிந்தது.

இரண்டு இடத்திலும் ஒரே புத்தகம், ஒரே மொழி, ஒரே அங்கி. அந்த மலையில் என் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததில் ஓர் எழுத்துப் பிழை இருக்காது. யாருக்காக அதையெல்லாம் சொல்ல வேண்டும் என்பது அவர்களுடைய பாடத்திட்டத்தில் இல்லை. நானும் அன்று அதைத் தேடிப் பார்க்கவில்லை.

விடியும்போது அவள் போய்விட்டாள். மகனுக்காக ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். தியானம் முடியவில்லை. மறுநாள் மச்சான் மகனே அடக்கப் பூசை வைத்தான். துணியை எடுத்து என்னிடம் நீட்டி, "நீங்களே கட்டுங்க மாமா" என்றான். முடிச்சுப் போட அவன் விரல் கொடுத்தான். இப்போதும் பீரோவைத் திறந்தால் அந்தப் புடவை மடிப்பில் எண்ணெய் மணம் லேசாக வருகிறது. முகர வேண்டியவள் இல்லை. நான் உடனே கதவைச் சாத்திவிடுகிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் மகன் வந்தான். தேய்த்த அங்கி, கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது. அம்மாவின் படத்தின் முன் முழங்காலிட்டு, இலத்தீனில் ஒரு ஜெபத்தைப் பிசிறில்லாமல் முடித்தான். எழுந்து என்னிடம் வந்தான். அழுவான், பிடித்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன்.

"துணிய அம்மா கையில சுத்திக் கட்டினீங்களாப்பா, இல்ல சும்மா மேல வச்சீங்களா?"

"கட்டினேன்."

"அப்போ எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கு," என்றான்.