தனிப்பனைக் கள்ளும் போத்தல் பியரும்

எனக்குப் பியர் பிடிக்காது. கொழும்பில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில், சம்பள நாளில் என்னை ஒருவன் இழுத்துக்கொண்டு போவான். கந்தோரில் எனக்கு எதிர் மேசை. புத்தூரிலும் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித்தான் அவன் வீடு. போத்தல் வெளியே வியர்த்திருக்க வேண்டும் அவனுக்கு. முதல் மிடறைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவான்.

"எந்த ஊரிலை உடைச்சாலும் ஒரே ருசி மச்சான். அதுதான் இதின்ரை குணம்."

அதுதான் அதன் குற்றம் என்பது என் கட்சி. எங்கள் வெங்காயத் தோட்டத்து வேலியோரம் ஒரு பனை நின்றது. தவறணையில் விற்பது பல மரத்துக் கள்ளை ஒன்றாக ஊற்றிக் கலந்தது. மரம் சீவுகிறவர் எனக்காக அந்த ஒரு பனையின் கள்ளு முட்டியை மட்டும் கலக்காமல் தனியே இறக்கித் தருவார். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் அதைத்தான் குடிப்பேன். காற்று மாறினால் அதன் ருசி மாறும். மழை தூறினால் மாறும். ஒருநாள் இருந்தது மறுநாள் இருக்காது.

"நீ குடிக்கிறது கள்ளில்லை, காணி உறுதி" என்று, நான் நிலப் பத்திரத்தையே குடிப்பதுபோல அவன் சிரிப்பான்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் இருவரும் உடுத்த உடுப்போடு கப்பலேறி, காங்கேசன்துறையில் வந்து இறங்கினோம். பிறகு யாழ்ப்பாணத்திலேயே வேலை கிடைத்தது. அவன் பட்டணத்தில் தன் பியரைத் தேடிக்கொண்டான். நான் என் பனையடியில் இருந்துகொண்டேன். அதில் எங்களுக்குள் சண்டையில்லை, பகிடிதான்.

தொண்ணூறில் மறுபடி யுத்தம் தொடங்கி, கொழும்புப் பாதை பூட்டுப்பட்டது. சவர்க்காரத்துக்கே வழியில்லாத ஊருக்குப் பியர் எங்கே வரும்? மின்சாரமும் போய்விட்டது. ஒரு பின்னேரம் அவன் சைக்கிளைக் கிணற்றடியில் சாத்திவிட்டுச் சொன்னான்:

"சரி, உன்ரை காணி உறுதியைக் கொஞ்சம் ஊத்து, பாப்பம்."

ஓலையில் கோலிய பிளாவை அவன் கையில் கொடுத்து, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்து, பிளாவைக் கவிழ்த்து வைத்தான். பிறகு, "இப்பதான் விளங்குது" என்றான்.

அந்தச் சொல்லுக்கு நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. இரண்டு கள்ளுப் பருவம் அவன் அநேகமாக ஒவ்வொரு பின்னேரமும் வந்தான். "இண்டைக்குக் கொஞ்சம் புளிப்புக் கூட. நேற்றுத் தூறினது எல்லே" என்பான். மரம் சீவுகிறவரே ஓம் என்று தலையாட்டுவார். நான் சொன்னவற்றை வாழ்க்கையில் இவ்வளவு கவனமாகக் கேட்ட மனிதன் வேறில்லை என்று நினைத்தேன்.

மூன்றாம் பருவம் தொடங்க முன் அவன் என்னிடம் ஒரு கையெழுத்துக் கேட்டான். அந்த நாட்களில் குடாநாட்டைவிட்டு வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று இன்னொருவர் பொறுப்பு நிற்கவும் வேண்டும்.

"அக்காவின்ரை மகளுக்குக் கலியாணம். பதினைஞ்சு நாளிலை வந்திடுவன் மச்சான்."

என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "அவரின்ரை மனிசி போன வரியமே கொழும்புக்குப் போட்டா. இவர் ஏன் திரும்பி வாறார்? யோசிச்சுக் கையெழுத்து வையுங்கோ."

"ரெண்டு வரியம் என்னோடை இருந்து குடிச்ச மனிசன். எனக்குத் தெரியாதே?" என்று சொல்லிக் கையெழுத்தை வைத்தேன்.

பதினைந்து நாள் ஒரு மாதமாயிற்று. பிறகு பாஸ் கொடுக்கும் இடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று நாள் போய் ஒரு மர வாங்கில் குந்தியிருந்தேன். எங்கே போனான், எப்போது சொன்னான், உனக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். கடைசியில், அவன் வரும்வரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பாஸ் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. எங்கே போகப்போகிறோம்?

பிறகு மருதனார்மடச் சந்தையில் அவனுடைய சித்தப்பாவைக் கண்டேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டார்:

"அவன் ஜேர்மனிக்குப் போய் ரெண்டு மாசமாச்சுது. உமக்குச் சொல்லேல்லையே?"

அந்த வைகாசியில் மனைவிக்குக் கண் மங்கத் தொடங்கியது. விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது என்றாள். கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது, கொழும்புக்குப் போய்த்தான் வெட்டவேண்டும், சுணங்கக்கூடாது என்று வைத்தியர் சொன்னார். வைத்தியரின் துண்டைப் பாஸ் கொடுக்கும் இடத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். "உங்கடை ஆள் வந்திட்டாரோ?" என்றுதான் கேட்டார்கள். ஏழு மாதம் அலைந்தேன். பாஸ் கிடைத்து, கிளாலியில் வள்ளமேறிக் கொழும்பு போய்ச் சேர்ந்தபோது இடக்கண் முழுதாகப் போய்விட்டது. வலக்கண்ணை மட்டும் காப்பாற்றித் தந்தார்கள்.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் சண்டை நின்றிருந்த சில மாதங்களில், தேங்கிக் கிடந்த தபாலெல்லாம் வந்தது. அதில் அவன் கடிதமும் இருந்தது. முற்றத்தில் கதிரையைப் போட்டு, மனைவிக்குக் கேட்க வாசித்தேன்.

உனக்குச் சிக்கல் ஒன்றும் வந்திருக்காது என்று நம்புகிறேன் என ஒரு வரி. மீதி முழுவதும் பியர். அவன் இருப்பது ஒரு சின்ன ஊராம். அங்கே ஒரு குடும்பம் தங்கள் பின்வளவில் தாங்களே பியர் காய்ச்சுகிறதாம். ஒவ்வொரு மாதமும் ஒரு ருசியாம். கடைப் பியரை இப்போது வாயில் வைக்க முடியவில்லையாம். கீழே இப்படி எழுதியிருந்தான்:

"நீ சொன்னது எனக்கு இங்கை வந்துதான் விளங்கினது மச்சான். ஆனால் ஒரு உண்மையைச் சொல்லவேணும். உன்ரை கள்ளு எனக்கு ஒருநாளும் பிடிச்சதில்லை. மூச்சைப் பிடிச்சுக்கொண்டுதான் குடிச்சனான்."

எழுந்து கிணற்றடிவரை போய்த் திரும்பி வந்தேன். "ரெண்டு வரியம்! புளிப்பு எண்டான், இனிப்பு எண்டான். எல்லாம் நடிப்பு! அதையும் கூச்சமில்லாமல் எழுதுறான் பார்!" என்று கத்தினேன். இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன்.

அவள் நான் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ" என்றாள். "என்ரை கண் போய் இவ்வளவு காலம். ஒருநாளும் நீங்கள் அவனை ஒரு சொல்லு ஏசி நான் கேக்கேல்லை. கள்ளுப் பிடிக்கேல்லை எண்டதுக்கே உங்களுக்கு உவ்வளவு கோவம்?"

அவன் ஏமாற்றியதையே நினைத்து நினைத்து, அவள் இழந்ததை என் அலைச்சலாக மட்டும் நான் எண்ணிக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. அவள் கையை நீட்டினாள். கடிதத்தைக் கொடுத்தேன். வலக்கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, முதல் வரியிலிருந்து தானே வாசிக்கத் தொடங்கினாள்.