டர்போ பட்டனும் ஸ்டெல்லா அக்காவின் ஓட்டமும்

"11.5.1997, ஞாயிறு. கார் ரேஸ். ஸ்டெல்லா அக்கா என்னைவிட மூன்று விநாடி முந்தினாள். டர்போ அமுக்கியதால் செல்லாது." ஏழாம் வகுப்பு முடிந்த கோடையில் நான் எழுதிய குறிப்பு இது, பென்சில் மங்கிவிட்டாலும், "செல்லாது" என்பதன் கீழ் அழுத்தி இழுத்த கோடு தாளின் மறுபக்கத்தில் இன்றும் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சித்தப்பா கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை வைத்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்து வந்தால், மை வாடை அடிக்கும் அந்த அறையில், கடையின் ஒரே கம்ப்யூட்டர் சாப்பாட்டு நேரம்வரை எனக்கும் என்னைவிட இரண்டு வயது மூத்த அக்காவுக்கும் கிடைக்கும். "ஏலே, பத்திரிகை எதையும் அழிச்சிராதீக, மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்னைய அழிச்சிருவான்" என்பார் சித்தப்பா.

கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில் "டர்போ" என்றொரு பட்டன் இருந்தது. திருச்சி சாலையில் போகும் லாரிகளின் நெற்றியில் நாங்கள் வாசித்திருந்த சொல் அது. ஆகவே அதை அமுக்கினால் நம்முடைய கார் மட்டும் பறக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அதைத் தொடாமல் ஆடுவதே நேர்மை என்று சட்டமும் போட்டிருந்தேன். அன்று அக்கா அதை அமுக்கிவிட்டு ஆடினாள், ஜெயித்தாள்.

"கள்ளாட்டம்!" என்றேன்.

"தோத்தா இப்படித்தாண்டா சொல்லுவ, அழுகுணி!" என்றாள்.

ஆடியவர்களின் பெயரும் நேரமும் பதிவாகும் திரைப் பட்டியலிலிருந்து அவள் பெயரை அழித்தேன். அதன்பின் அவள் என்னோடு ஆடவே இல்லை; நான் அழைத்த ஞாயிறுகளில் எல்லாம் அவளுக்கு ஏதோ ஒரு வேலை இருந்தது.

சென்ற மாதம் அதே விளையாட்டைத் தேடிப்பிடித்து என் மடிக்கணினியில் ஓட்டினேன். கிளம்பிய கணமே கார் மரத்தில் மோதியது. விரல் விசையை விட்டு எழுவதற்குள் எதிர்க்கார்கள் எல்லைக்கோட்டைக் கடந்திருந்தன, திரைக் கடிகாரம் பேயாகச் சுற்றியது. பழைய விளையாட்டுக்குத் தனிக் கடிகாரம் கிடையாது. இயந்திரம் எவ்வளவு விரைந்தால் சாலையும் மரமும் எதிரியும் நேரமும் அவ்வளவு விரையும். கைக்கடிகாரத்தை வைத்துப் பலமுறை சோதித்த பிறகே நம்பினேன். டர்போ அவளுக்கு எதையும் கொடுக்கவில்லை, யோசிக்கும் நேரத்தைப் பறித்திருந்தது. என்னுடையதைவிடக் கடினமான ஓட்டத்தில் அவள் என்னை வென்றிருக்கிறாள்.

வடமதுரையில் குடியிருக்கும் அக்காவுக்கு உடனே போன் செய்து, அந்த ஓட்டம் செல்லும் என்றேன்.

"இதச் சொல்லவா இம்புட்டு வருசம்?" என்று சிரித்தாள். "அடுத்த வாரம் நீ காய்ச்சல்ல படுத்திருந்தப்ப, நான் மட்டும் ஆடி, பட்டனத் தொடாமலே உன்னோட நேரத்த ஜெயிச்சேன், தெரியுமா?"

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியாக்கும்?"

சித்தப்பாவின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். அந்தப் பெட்டி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்த வாரம் நான் காய்ச்சலில் கிடந்தது என் குறிப்பேட்டில் இருக்கிறது. அவள் தனியாக ஆடி வென்றதற்குச் சாட்சி இல்லை, சான்றும் இல்லை. அது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.