ஜைனப் ஏறிய பனிமலை

இன்று பள்ளிக்கு வராத தோழிகளே, நடந்ததையெல்லாம் என் பொறாமை உட்பட ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஜைனப் தன் வாப்பாவோடு சுவிட்சர்லாந்து போய் வந்துவிட்டாள். கோடையில், ஒரே நாளில், பனி மூடிய சிகரத்தில் ஏறி இறங்கினாளாம். நான் பார்த்த ஒரே மலை நம் கொடிமலை. அதிலும் ரயிலில்தான் ஏறினேன்.

ஆனால் பனிமலைகளைப் பற்றி நூலகத்தில் உள்ள புத்தகங்களையெல்லாம் படித்தவள் நான். அதனால் கேட்டேன்: "சிகரம் எத்தனை அடி?"

"யாருக்குத் தெரியும் லா! கால் வலிதான் தெரியும்."

எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"பனி எப்படிடி இருந்துச்சு?" என்றாள் தேவி.

"பாசார்ல அண்ணே ஐஸ் துருவித் தருவாரே, அதேதான். சர்பத் மட்டும் இல்ல. மிதிச்சா நறநறங்கும்."

எல்லாருக்கும் உடனே புரிந்துவிட்டது. நான் எத்தனையோ நாள் விளக்கியும் புரியாத பனி!

பிறகு டீச்சர் அவளுடைய படங்களைத் திரையில் காட்ட ஏற்பாடு செய்தார். ஜைனப் தன் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"இங்க வாடி. மலைங்க பேரெல்லாம் நீதான் சொல்லணும். எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல."

இப்படிப்பட்டவளை எப்படி வெறுப்பது? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

என் முகம் போன போக்கை யாரும் பார்க்கவில்லை. நல்லவேளை, விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.