கம்பத்தைத் தொட்டுக் கும்பிட்டவர்கள்

ஒஸ்லோவில் நான் வேலை செய்யும் அருங்காட்சியகத்தில் எனக்கு முதலில் கிடைத்தது காவல் வேலை. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு மண்டபத்தின் மூலையில் நிற்க வேண்டும். யாராவது கையை நீட்டினால், தயவுசெய்து தொடாதீர்கள் என்று நோர்வேஜிய மொழியில் சொல்ல வேண்டும். அதற்கு முன் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் ஒரு மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டியவள் நான். மீனோடு ஒப்பிட்டால் மனிதர்களைக் காவல் காப்பது சொகுசு வேலை. கை நாறாது, கால் மட்டும் வலிக்கும்.

என் மண்டபத்தின் நடுவில் ஒரு டோட்டம் கம்பம் நின்றது. கனடாவின் மேற்குக் கரையில் வாழும் ஆதிக்குடிகள் ஒரே மரத்தில் செதுக்கியது. அடியில் கரடி, அதன் தலையில் திமிங்கிலம், உச்சியில் அண்டங்காகம். வழிகாட்டிகள் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டி வந்து அதன் முன் நிறுத்தி விளக்கம் சொல்வார்கள். ஒரே விளக்கத்தை ஆண்டுக்கணக்கில் கேட்டால் சுவருக்கே பாடமாகிவிடும், எனக்கு ஆகாதா? இதை நானும் சொல்லத்தான் போகிறேன் என்று முடிவெடுத்தேன். ஐம்பது வயதில் என்ன புது ஆசை என்று வீட்டில் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்குச் சமைத்து வைத்துவிட்டுப் பயிற்சிக்குப் போனேன், வழிகாட்டியும் ஆனேன்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் எங்கள் சனம் அந்த வாசலுக்குள் வருவதே இல்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்தால், பூங்காவில் உடுப்பில்லாத சிலைகளுக்கு முன்னால் வேறு பக்கம் பார்த்தபடி ஒரு படம் எடுப்போம். மலையில் பனிச்சறுக்கு மேடையைக் காட்டுவோம். பிறகு கோயில், பிறகு கடை, பிறகு சாப்பாடு. இவ்வளவுதான் எங்கள் ஒஸ்லோ.

மாதம் ஒருமுறை தமிழில் சுற்றிக் காட்ட அனுமதி வேண்டும் என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். அவர் நோர்வேஜியப் பெண், என்னைவிட இளையவர், நல்லவர். யார் வருவார்கள் என்று கேட்டார். வருவார்கள் என்றேன். ஒருமுறை செய்து காட்டு, நானும் வந்து நின்று பார்க்கிறேன், அதன் பிறகு முடிவு சொல்கிறேன் என்றார்.

நாங்கள் குடியிருக்கும் பியோர்ண்டாலில் எங்கள் மூத்தோர் சங்கத்தில் சொல்லிவைத்தேன். அன்று பெருங்கூட்டமாக வந்துவிட்டார்கள். சீலைக்கு மேல் குளிர்ச் சட்டை, கையில் சாப்பாட்டுப் பாசல். உடுப்பு மாட்டும் அறை முழுக்கத் தேங்காய்ச் சம்பல் மணம். திராமனிலிருந்து ரயிலேறி ஒரு அண்ணை வந்திருந்தார். பாட்ஸ்பியோர்ட்டில் என் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய என் சிநேகிதியும் வந்திருந்தாள். கத்தோலிக்கப் பெண், இப்போது எனக்குப் பக்கத்துக் கட்டடத்தில்தான் இருக்கிறாள்.

என் சனத்தை எனக்குத் தெரியும். ஆகவே வாசலிலேயே எச்சரித்தேன்.

"உள்ளுக்கை ஒண்டையும் தொடக்கூடாது. அங்கை நிக்கிறது சாமி இல்லை. விளங்கிச்சுதோ?"

"ஓம், ஓம்" என்று எல்லாத் தலைகளும் ஆடின. தலை ஆடினால் காது கேட்டது என்று நம்பியது என் மடத்தனம்.

கம்பத்தின் முன் நிறுத்தி, இது கனடாவிலிருந்து வந்தது என்று தொடங்கினேன். திராமன் அண்ணை உடனே குறுக்கிட்டார்.

"கனடாவோ? என்ரை தம்பி எத்தினை வருசமா அங்கைதான் இருக்கிறான். இப்பிடி ஒரு மரம் நிக்குதெண்டு ஒரு நாளும் சொல்லேல்லையே, தங்கச்சி?"

"அண்ணை, உங்கடை தம்பி இருக்கிறது டொரொண்டோவிலை. அங்கையிருந்து நாள்கணக்கிலை கார் ஓடினாத்தான் இந்தக் கரை வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் நின்ற பொறுப்பாளரும், ஒன்றும் விளங்காமலே, புன்னகைத்தார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. உச்சியில் இருக்கும் காகத்தைப் பாருங்கள் என்று அண்ணாந்து கை காட்டினேன். கண்ணைக் கீழே இறக்கினால், என் சிநேகிதி கம்பத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு மேலால் எட்டிக் கரடியின் காலைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். இன்னொருவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கம்பத்தை இடமிருந்து வலமாகச் சுற்றத் தொடங்கினார். எங்கள் ஆட்களில் ஒருவர் கும்பிட்டால் போதும், பின்னால் வரிசை தானாக வந்துவிடும். ஒரு அம்மா கைப்பையைத் திறந்து திருநீறைத் தேடினார்.

எச்சரிக்கைக் கருவி கீச்சிட்டது. "தொடாதேங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் மண்டபமே திடுக்கிட்டது.

பொறுப்பாளர் அன்று மாலையே முடிவைச் சொல்லிவிட்டார். மரம் பழையது, கையின் எண்ணெயும் வேர்வையும் அதை அரித்துவிடும், இது சரிவராது. மரியாதையாகத்தான் சொன்னார். அவர் சொன்னதில் பிழையும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் என் ஆத்திரம் முழுவதையும், வேலை முடியும்வரை எனக்காகக் காத்திருந்த சிநேகிதியின் தலையில் கொட்டினேன்.

"சாமி இல்லையெண்டு சொன்னனான்தானே? காதிலை விழேல்லையோ?"

"விழுந்தது. அவ்வளவு உசரமா வந்து நிண்டா கை தன்பாட்டிலை போகுது. சாமி இல்லையெண்டா அது என்ன?"

"ஒரு குடும்பத்தின்ரை கம்பம். வீட்டு வாசலிலை நிண்டது. நாங்கள் இன்ன ஆக்கள், இன்ன வழியிலை வந்தனாங்கள், இந்தக் கதையள் எங்களுக்குச் சொந்தம் எண்டு சொல்லுற கம்பம்."

"அப்ப இஞ்சை என்னெண்டு வந்தது?"

"ஆரோ ஒருத்தர் வாங்கினவர் எண்டு பலகையிலை எழுதியிருக்கு."

"ஆரிட்டை வாங்கினவர்?"

"அது எழுதேல்லை."

 பிறகு, பல ஆண்டுகள் பழகியும் எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். ஊரில் அவளுடைய தகப்பன் வீடு இராணுவம் எடுத்த பகுதிக்குள் இருந்தது. சண்டை முடிந்து பார்க்கப் போனபோது சுவர் மட்டும்தான் நின்றது. ஓடு, யன்னல், கதவு ஒன்றும் இல்லை. நாலைந்து தெரு தள்ளி ஒரு வீட்டைக் கடந்தபோது அவள் கால் நின்றுவிட்டது. அந்த வீட்டு வாசலில் அவர்கள் வீட்டுக் கதவு. தகப்பன் ஆசையாகச் செய்வித்த தேக்கங்கதவு. மேலே இருந்த சிலுவையை யாரோ சீவி எடுத்திருந்தார்கள், ஆனால் சீவிய இடம் வெளிறித் தெரிந்தது.

"கேட்டன். காசு குடுத்துத்தான் வாங்கினவையாம். ஆரிட்டையெண்டு கேட்டன். தெரியாதாம்."

யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "நான் அதைத் தொட்டுப் பாக்கவும் இல்லை. வீட்டுக்காரர் என்ன நினைப்பினமோ எண்டு வந்திட்டன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளைத் திட்டியதற்காக அல்ல. அவளுடைய கதவுக்கு முன்னால் அவளே அந்நியமாக நின்றதை நினைத்து.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. கம்பம் சாமி இல்லை என்று சொன்னேனே தவிர, அது என்ன என்று நான் முதலில் சொல்லவில்லை.

மறுபடி பொறுப்பாளரிடம் போனேன். முடியாது என்றார். அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரம் என்னைக் கண்டதும் பெருமூச்சு விட்டார். மீன் தொழிற்சாலையில் மீன் வரும் பட்டி ஓடிக்கொண்டே இருக்கும், களைத்துவிட்டேன் என்றால் மீன் உன் மேல்தான் குவியும். அங்கே பழகிய உடம்பு இது, இலேசில் விடாது. கடைசியில் அவர் இறங்கி வந்தார். இன்னும் ஒரே ஒரு முறை, ஒரு கை கயிற்றைத் தாண்டினாலும் இந்தப் பேச்சு இனி எடுபடாது என்றார்.

இரண்டாம் முறையும் அதே கூட்டம், அதே சம்பல் மணம். மண்டபத்துக்கு வெளியிலேயே எல்லோரையும் மறித்தேன்.

"இஞ்சாலை ஒரு வீட்டு வாசல் இருக்கு. வீட்டையும் வாசலையும் பிரிச்சு, வாசலை மட்டும் இஞ்சை கொண்டு வந்திருக்கினம். வாங்கினதெண்டு எழுதியிருக்கு, ஆரிட்டையெண்டு எழுதேல்லை. ஊரிலை நீங்கள் ஒரு வளவுக்குள்ளை, வேலிப் படலையிலை நிண்டு வீட்டுக்காரரைக் கூப்பிடாமல் போவியளோ?"

"சீச்சீ, போகமாட்டம்" என்றார் திராமன் அண்ணை.

"அங்கை ஒரு கயிறு கட்டியிருக்கு. அதுதான் படலை."

உள்ளே போனோம். கயிற்றுக்கு ஒரு முழம் இப்பாலேயே எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஒருவரும் சப்பாத்தைக் கழற்றவில்லை, கைப்பையைத் திறக்கவில்லை. கரடி யாருடைய முன்னோர், திமிங்கிலத்தின் கதையைச் சொல்லும் உரிமை யாருக்கு, வீட்டில் ஒரு பெரிய விசேஷம் என்றால் ஊரைக் கூட்டி விருந்து வைத்து எப்படிக் கம்பம் நட்டார்கள் என்று சொல்லி முடித்தேன். மூலையில் பொறுப்பாளர் கைகளைக் கட்டியபடி கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது என் சிநேகிதி முன்னால் வந்தாள். நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். அவள் கயிற்றுக்கு முன்னால் நின்று, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, குரலை உயர்த்திக் கூப்பிட்டாள்.

"வீட்டுக்காரர்!"

சற்றுப் பொறுத்து, இன்னும் பலமாக, "வீட்டுக்காரர்! ஆர் வீட்டிலை?"

யாரும் சிரிக்கவில்லை. படலையில் நிற்கும்போது நிற்பதுபோல, எல்லோரும் தலையைச் சற்றுச் சரித்துக் காத்திருந்தார்கள். பொறுப்பாளர் என் அருகே வந்து, என்ன சொல்கிறார் என்று மெல்லக் கேட்டார். வீட்டுக்குச் சொந்தக்காரர் உள்ளே இருக்கிறார்களா என்று கேட்கிறார் என்றேன். அவர் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். அதன் அடியில் இருந்த விளக்கப் பலகையையும் பார்த்தார்.  பிறகு என்னிடம், அடுத்த மாதமும் செய் என்றார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. துள்ளியிருக்க வேண்டும், துள்ளவில்லை. ஏனென்றால் என் சிநேகிதி இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"ஒருத்தரும் இல்லைப் போலை" என்றாள். "வாங்கோ, அவையள் வந்தாப்பிறகு உள்ளை போவம்."