ஒரே கடையில் இரண்டு போணி

முனைக் கடை என் ஓரகத்திக்குப் போனது, உள்கடை எனக்கு வந்தது. அறுபதுகளில் செஞ்சி கடைத்தெருவில் எங்கள் குடும்பம் பாகம் பிரித்த கதை இவ்வளவுதான். மீதியெல்லாம் என் வயிற்றெரிச்சல்.

மாமனார் நடத்திவந்த பாத்திரக் கடை அது. கட்டிடம் சொந்தமல்ல, வாடகைதான். அவர் காலமானதும் மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன், ரோட்டு முனையைப் பார்த்த பாதியை எடுத்துக்கொண்டார். சந்துப் பக்கம் திறக்கும் பாதி என் கணவருக்கு. கட்டிடக்காரரோடு போட்ட வாடகை ஒப்பந்தமும் மூத்தார் பேரில்தான். மூத்த பிள்ளை என்றால் அப்படித்தான் என்றார் என் கணவர். மூத்தவருக்கு முனையும் பேரும் என்றால் இளையவருக்கு என்ன என்று கேட்டேன். அவர் ஒரு சொம்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். பொறாமை என்றால் என்னவென்றே தெரியாத பிறவி. வீட்டுக்கு ஒருவராவது பொறாமைப்பட வேண்டாமா? அந்த வேலையை நான் பார்த்தேன்.

திண்டிவனத்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது முனைதான். கோட்டைக்கு வழி கேட்கிறவன்கூட அங்கே நின்று கேட்பான், கேட்டதற்காக ஒரு டம்ளராவது வாங்கிப் போவான். அனந்தபுரத்துக் கல்யாண வீட்டார் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்தால் அண்டாவும் குடமும் அங்கேயே முடிந்துவிடும். மறந்துபோன கரண்டிக்கு எங்கள் பக்கம் வருவார்கள். சந்தை நாளில் கூட்டத்தைச் சமாளிக்க ஓரகத்தியும் நானும்கூடக் கடைக்கு வருவோம். சாம்பிராணிப் புகை அடங்குவதற்குள் அவர்கள் பக்கம் போணி ஆகிவிடும். முதல் காசை அவள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது வளையல் குலுங்குவது எனக்குக் கேட்கும். எங்கள் போணிக்கு வெயில் ஏற வேண்டும். சில நாள் வெயில் இறங்கவும் வேண்டும்.

அந்த வளையல் சத்தம் சகிக்காமல்தான் நடுவில் பலகைத் தடுப்பு போடச் சொன்னேன். எங்கள் பேரில் தனிப் பெயர்ப்பலகையும் மாட்டச் சொன்னேன். பாகம் பிரித்தால் தடுப்பு வேண்டும், இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அந்த நேரம் பார்த்துக் கடைத்தெருவில் இடத்துக்கு அடிபிடி வந்தது. கடைச் சாவியைக் கையில் வாங்குவதற்கே தனியாகப் பெரிய தொகை கொடுக்க வெளியூர்க்காரர்கள் தயாராக இருந்தார்கள். எங்கள் கட்டிடக்காரருக்கோ மாமனார் காலத்து வாடகைதான் கிடைத்துக்கொண்டிருந்தது. வாடகைச் சட்டம் இருந்ததால் தக்க காரணம் இல்லாமல் எங்களைக் கிளப்பவும் முடியவில்லை. அவர் தேடிக்கொண்டிருந்த காரணம் அந்தப் பலகைத் தடுப்பில் கிடைத்தது. தன்னைக் கேட்காமல் மூத்தார் பாதிக் கடையைத் தம்பிக்கு உள்வாடகைக்கு விட்டுவிட்டார், ஆகவே மொத்தத்தையும் காலி செய்யவேண்டும் என்று கோர்ட்டில் மனுப் போட்டார். தோற்றால் முனையும் போகும், உள்ளும் போகும். இரண்டு குடும்பத்துக்கும் வேறு பிழைப்பு கிடையாது.

எங்கள் வக்கீல் ஒரே வார்த்தையில் முடித்தார். "தடுப்பு இருந்தா உள்வாடகை. இல்லன்னா கூட்டுக் குடும்பம். போய்க் கழட்டுங்க."

கழற்றினோம். இரண்டு பெயர்ப்பலகைகளில் எது இறங்கியது என்று கேட்கவே வேண்டாம். இரண்டு கல்லாவில் எது மூலைக்குப் போனது என்றும் கேட்க வேண்டாம். நான் வாயை மூடிக்கொண்டு அவர்கள் பேருக்குக் கீழே உட்கார்ந்தேன்.

கடையை நேரில் பார்த்து எழுதிப்போக ஒரு சந்தை நாளில் கோர்ட்டு கமிஷனர் வந்தார். வயதானவர், நெற்றி நிறைய விபூதி. மூத்தார் காபி வாங்கிக் கொடுத்தார். வியாபாரம் எப்படி என்று கமிஷனர் கேட்டதற்கு, விடிந்ததுமே போணி ஆகிவிட்டது என்று பெருமையாகச் சொன்னார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது பனமலையிலிருந்து வந்த ஒரு அம்மாள் எங்கள் பக்கத்தில் ஒரு குடம் எடுத்தாள். எங்கள் பக்கத்துக்கு அன்றைய முதல் காசு, என் கணவர் வாங்கினார். வாங்கியவர் பழக்க தோஷத்தில் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மேலே இருந்த சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார்.

கமிஷனர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "போணி ஆயிடுச்சுன்னாரே பெரியவரு. ஒரே கடைன்னா ரெண்டு போணி எப்படிய்யா?"

என் கணவர் கையிலிருந்த காசையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஓரகத்தி எழுந்து நின்றாள். "காலைல இவரு குடுத்தது கடன் சார். போணி ஆவறதுக்கு முன்னாடியே கடன் குடுத்துட்டு, அதைப் போய் போணின்னு சொல்லிக்கினு இருக்குறாரு. கைல காசு விழுந்தது இப்பத்தான்."

போணிக்கு முன்னால் கடன் கொடுக்கும் வியாபாரி எந்த ஊரிலும் கிடையாது. கட்டின புருஷனைக் கடைத்தெரு பார்க்க மடையனாக்கிவிட்டு, முகம் மாறாமல் நின்றாள். மூத்தாரும் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்றார். கமிஷனர் சிரித்துவிட்டார். ஒரே கல்லா, ஒரே வியாபாரம் என்று எழுதிக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் மனு தள்ளுபடி ஆனது.

கடை தப்பித்தது. கடைத்தெரு முழுக்க அவள் பேச்சுதான். முனைக் கடை போதாதென்று அந்தப் புத்தியும் அவளுக்கே வாய்த்ததை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே வார்த்தையைச் சொல்ல எனக்கு மட்டும் வாய் இல்லையா? காலமெல்லாம் பதில் பேசாமல் சொம்பு துடைத்த என் கணவரும் அன்றைக்கு வாய் திறந்தார். "அண்ணி இல்லன்னா இன்னைக்கு நாம தெருவுலதான்" என்றார், என்னிடமே.

கேஸ் முடிந்த பிறகும் தடுப்பை மறுபடி போட யாருக்கும் தைரியம் வரவில்லை. அடுத்த சந்தை நாளில் முதல் ஆள் வந்து அண்டாவுக்குக் காசை நீட்டினார். ஓரகத்தி வாங்கவில்லை. "இன்னைக்கு போணி நீ பண்ணும்மா" என்று என்னைக் கூப்பிட்டாள். நான் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். என் வளையலும் நன்றாகத்தான் குலுங்கியது. ஆனால் அதையும் அவள் கொடுத்துத்தானே நான் வாங்கினேன்.