பித்தநாளக் கல்லும் இரண்டு வாய்ப் பாலும்

அன்று காலை கோலாலம்பூர் அரசாங்க மருத்துவமனையில் அம்மாவின் கட்டிலருகே நானும் அக்காவும் அக்காவின் மாமியாரும் இருந்தோம். அப்பா இல்லை. கேரி தீவுத் தோட்டத்தில் செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை வெட்ட ஆள் பற்றாக்குறை. மண்டோர் (கங்காணி) லீவு கொடுக்கவில்லை. எண்பதுகளின் கடைசி அது.

முதலில் அரிப்புதான் வந்தது. பிறகு கண்கள் மஞ்சளாயின. சிறுநீர் கோப்பிபோல் கறுத்தது. காமாலை என்று வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். காய்ச்சலில் உடம்பு உதறியபோதுதான் கிள்ளான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து இங்கே அனுப்பினார்கள். பித்தநாளத்தில் (கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் இறங்கும் குழாய்) கல் அடைத்திருந்தது.

வயிற்றைக் கிழிக்காமல் எண்டோஸ்கோப்பை (விளக்குப் பொருத்திய வளையும் குழாய்) வாய்வழியே இறக்கி, பித்தநாளத்தின் வாயைச் சற்றே வெட்டிக் கல்லை எடுக்கலாம் என்றார் டாக்டர். யாழ்ப்பாணக் குடும்பத்தவர், எங்களிடம் தம் வீட்டுத் தமிழிலேயே பேசினார். எங்கள் வீட்டில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான் என்பதால் ஒப்புதல் தாள் என் கைக்கு வந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. இரத்தம் கசியலாம், குடலில் துளை விழலாம், கணையம் (செரிமான நீர் சுரக்கும் உறுப்பு) வீங்கலாம், அரிதாக உயிரே போகலாம் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். காமாலையில் இரத்தம் உறையத் தாமதமாகும் என்று அதையும் சோதித்து, முன்கூட்டியே ஊசி போடச் செய்தார்.

அன்று காலை தாதி கேட்டபோது, அம்மா எதுவும் சாப்பிடவில்லை என்று அக்கா சொல்லியிருந்தாள். சிகிச்சை அறை வாசலில் டாக்டர் மறுபடி கேட்டார்.

"அம்மா, இண்டைக்கு வாயில என்ன பட்டது? தண்ணி, தீர்த்தம், எதெண்டாலும் சொல்லுங்கோ."

"ஒன்னும் சாப்பிடலீங்க ஐயா. அம்மன் அபிஷேகப் பால்தான், ரெண்டு வாய்."

"அது பிரசாதம்லா டாக்டர். சாப்பாட்டுல சேராது," என்றார் மாமியார். விடியலில் பிரிக்பீல்ட்ஸ் கோயிலிலிருந்து வாங்கி வந்தவர் அவர்தான்.

டாக்டர் சிரித்துவிட்டார். "அம்மன் சேர்க்க மாட்டா, ஆன்டி. வயிறு சேர்த்துப்போடும். மயக்கத்தில பால் மேல வந்தா நுரையீரலுக்குள்ள போகும். காய்ச்சல் அடங்கித்தான் இருக்கு, நாளைக்குச் செய்வம்."

மாமியார் முகம் வாடியது. அம்மாதான் தேற்றினார்: "விடுங்க சம்பந்தி. அதுக்குள்ள கல்லு எங்க ஓடிரப் போகுது?"

மறுநாள் கல் வெளியே வந்துவிட்டது. நல்ல செய்தியோடு டாக்டர் நிறுத்திக்கொள்ளவில்லை.

"பாதை தேடேக்க, குழாய்க்குள்ளால விட்ட மெல்லிய கம்பி கணையத்துக்குள்ள போயிட்டுது, தம்பி. தள்ளாம வெளிய எடுத்துப்போட்டுத்தான் திரும்ப முயற்சி செய்தனான். வயித்துநோ வந்தா வாய்வு எண்டு விடாதேங்கோ. உடன சொல்லுங்கோ."

சாயங்காலம் அம்மா உடம்பைக் குறுக்கிக்கொண்டார். வலி முதுகுவரை பாய்ந்தது.

"வாய்வுதான்டா. சோம்புத் தண்ணி கொண்டாரச் சொல்லு."

"டாக்டர் சொன்னது இதத்தாம்மா," என்று தாதியை அழைத்தேன்.

கணைய அழற்சி (கணையம் தன் நீராலேயே புண்படுதல்). வாய்க்கு ஒன்றும் கிடையாது. கைநரம்பில் நீர், வலிக்கு ஊசி. வீட்டுக்குக் கிளம்பிய டாக்டர் திரும்பி வந்தார். உடம்புக்கு நீர் போதுகிறதா என்று கட்டிலில் தொங்கிய, சிறுநீர் சேரும் பையைத் தாமே தூக்கிப் பார்த்தார். அப்பாவும் வந்துவிட்டார், அம்மாவின் பாதத்தைப் பிடித்தபடியே இருந்தார். அம்மா பிழைப்பாரா என்பதைத் தவிர வேறெதையும் நாங்கள் நினைக்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் வலி மெல்ல இறங்கியது.

இதே வாசலில் நிற்பவர்களுக்குச் சொல்கிறேன். கைதேர்ந்தவரிடமும் இந்தச் சிக்கல் வரும். தோண்டித் தோண்டிக் கேட்பது, வம்பாகத் தள்ளாமல் நிறுத்துவது, வரக்கூடியதை முன்பே சொல்லிவைப்பது. அந்த மனிதர் செய்த இவைதான் அதைச் சின்னதாக்கின. நம் பங்குக்கு, விழுங்கியதை, போட்ட மாத்திரையை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறகு வலியோ காய்ச்சலோ கறுப்பு மலமோ வந்தால் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

முன்பு அம்மாவின் பொழுதைத் தோட்டத்து ஆலைச் சங்கு பிரித்தது. இப்போது வீட்டில் ஒரு கவளம் விழுங்கிவிட்டுச் சற்றே நிற்கிறார், உள்ளே அது இறங்குவதைக் கேட்பவர்போல. நாங்களும் அவரோடு நின்று, பிறகுதான் அடுத்ததைப் பிசைகிறோம்.

மூன்றாம் வகுப்பு வார்டு, அரசாங்கக் கட்டணம். படுக்கை, சிகிச்சை, வீடுவரை டாக்சி, எல்லாம் சேர்த்து அம்மாவுக்காக நாங்கள் கொடுத்தது எண்பத்து நான்கு வெள்ளி (ரிங்கிட்).