பாயசம் குடித்த வீட்டின் உத்திரம்

1. சித்திரையில் விடுப்புக்கு நாகர்கோவில் போனேன். ஆனிக்குள் வாடகை வீட்டைக் காலி செய்யவேண்டிய அப்பா, வடசேரியில் ஓர் ஓட்டுவீட்டை வாங்குவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.
2. வீட்டைப் பார்க்கப் போனோம். பாயசம் தந்தார்கள். குடித்தோம்.
3. படுக்கையறையின் ஆஞ்சிலி மர உத்திரம் சுவரில் அமரும் இடத்தில் ஒரு நீள ஆணியைக் குத்திப் பார்த்தேன். ஆணி முழுவதும் உள்ளே போயிற்று.
4. வைதார்கள். உத்திரத்தை அல்ல, என்னை.

திருவனந்தபுரத்தில் கட்டடப் படவரைவு படித்த நான், இங்கே பினாங்கில் ஒரு கட்டட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வந்த புதிதில் ஒரு காட்சி எனக்கு விசித்திரமாக இருந்தது. வீட்டை விற்கிறவரும் வாங்குகிறவரும் டார்ச் விளக்கோடு சேர்ந்தே கூரைக்குள் ஏறுவார்கள். பழுதுகளை எழுதுவார்கள். இதை நீ மாற்று, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று காலை முழுவதும் கத்துவார்கள். பிறகு கோப்பித்தியாம் என்று இவர்கள் சொல்லும் காப்பிக்கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள். யாருக்கும் மானம் போவதில்லை.

எங்கள் ஊரில் மானம்தான் முதலில் போகும், கூரை பிறகு. நான் ஆணியைப் பிடுங்கியதும், வீட்டை விற்கும் பிள்ளை அப்பாவிடம் திரும்பினார்.

"என்ன அண்ணாச்சி, ஒம்ம மவ எங்க பாயசத்தையும் குடிச்சிட்டு எங்க வீட்டையே குத்திப் பாக்கா!"

அப்பா பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பிப்பவர். எடை எங்கே விழும், எது தாங்கும் என்று கரும்பலகையில் படம் போடுகிறவர். அவர் சொன்னது: "மக்கா, சும்மா இரி. ஒரு வீட்டுல வாய் நனைச்ச பெறவு கொறவு சொல்லப்பிடாது."

உத்திரம், உடைந்த ஓடுகள் இரண்டையும் பத்திரம் பதியும் முன் மாற்றித் தரவேண்டும் என்று எழுதி நீட்டினேன். பிள்ளை அந்தக் காகிதத்தை வாங்கி விசிறிக்கொண்டார். நல்ல வெயில்.

மறுநாள் அப்பா மனையடி பார்க்கும் ஆசாரியை அழைத்து வந்தார். அவர் அதே அறையைக் கோலால் அளந்தார். "நீளம் ரெண்டு வெரக்கட கூடுதலு. ஆகாத அளவு. இதுல படுக்கவங்களுக்கு ஆயுசு கொறையும்."

பிள்ளை ஒரு மறுப்பும் சொல்லவில்லை. மூன்றே நாளில் கொத்தனாரை வைத்து, சுவரில் ஓட்டுச் சில்லும் சுண்ணாம்பும் அப்பி, அந்த இரண்டு விரற்கடையைக் குறைத்துத் தந்தார். அப்பா நெகிழ்ந்தே போனார். உத்திரம் என்னவாயிற்று என்று ஆசாரியிடம் கேட்டேன்.

"மரம் அதுபாட்டுக்கு நிக்கும் மக்கா. அளவு தப்புனா வீடு நிக்காதுல்லா."

தமிழ்ப் பக்கமா மலையாளப் பக்கமா, எந்த மாநிலத்தோடு சேர்வது என்று ஊரே கூட்டம் போட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. எதோடு சேர்ந்தாலும் இவர்கள் சுண்ணாம்பு அப்பிக்கொண்டுதான் இருப்பார்கள் என்று நினைத்தேன். ஊரில் இதைப் படிப்பவர்கள் கோபித்துக்கொள்ளலாம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அம்மா மட்டும் அடுக்களையில் வைத்து மெதுவாகக் கேட்டாள்: "ஏட்டி, அந்த உத்திரமும் ஆகாதுன்னு ஆசாரிய ஒரு வார்த்த சொல்லச் சொல்லப்பிடாதா? பிள்ள நாளைக்கே மாத்திருவாரு."

மாற்றியிருப்பார். ஆசாரியும் சொல்லியிருப்பார். படித்துத் தெரிந்ததைத் தோஷம் என்று பெயர் மாற்றிச் சொல்ல நான் சம்மதிக்கவில்லை. "உளுத்ததுன்னு சொன்னா கேக்காதவங்ககிட்ட வேற ஒண்ணும் சொல்லதுக்கில்ல," என்றேன்.

"படுக்கப்போறது நான்லா," என்றாள் அம்மா.

திரும்பி வந்ததும், அலுவலகத்தின் மூத்த படவரைவாளரான சீனர், உத்திரத்தை ஏன் மாற்றவில்லை என்று கேட்டார். அந்த வீட்டில் பாயசம் குடித்துவிட்டோம் என்றேன். பதறிப்போனார். கெட்டுப்போன பாயசமா, எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு என்று விசாரித்தார். ஒருவருக்கும் இல்லை என்றேன். அவருக்கு அதன் பிறகு எதுவும் விளங்கவில்லை.

நிலவரம் இதுதான். பத்திரம் பதிந்தாயிற்று. உத்திரம் மாறவில்லை. கப்பலேறும் முன் நான் நிறுத்திய பனந்தடி முட்டு அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அப்பா அதில் சட்டை மாட்டுகிறாராம். இங்கே பிறர் வீட்டு உத்திரங்களைக் குத்திப் பார்த்து 'மாற்றுக' என்று எழுதுகிறேன், மாற்றுகிறார்கள். அங்கே மழை தொடங்கிவிட்டது. முட்டுக்கு இடப்பக்கம் அம்மா பாய் விரிக்கிறாள்.